ஒலிவ் தோப்புப் பாதை

12 செப்டம்பர் 2009, சனி. குட்மேய்ஸ், லண்டன்.

காலைகளில் பூங்காவில் என்னோடு மெல்ல ஓடும் ராசன், தென் பிரான்சில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். மாலையில் வந்து, அங்கே ஒலிவ் தோப்புகளுக்குள்ளால் போகும் ஓட்டப் பாதைகளின் படங்களைக் காட்டினார். செம்மண், கல் மதில், காய்ந்த புல். எல்லாப் படத்திலும் அவருக்குப் பக்கத்தில் அவருடைய சம்பந்தி, புதுச் சப்பாத்தோடு. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

சித்திரையில் தன்னோடு வரச்சொல்லி என்னைத்தான் முதலில் கேட்டார். உடனே ஓம் என்றால் ஆசைப்பட்டு அலைவது போலிருக்கும் என்று, "என்னால உங்களுக்கு ஏன் கரைச்சல், நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றேன். இரண்டாம் தரம் கேட்பார் என்று நம்பி, அந்தப் பக்கத்து வரைபடம் வாங்கிப் பாதையின் ஏற்றங்களைக்கூடக் குறித்து வைத்தேன். அவர் கேட்கவில்லை.

இன்று படங்களை உறைக்குள் வைத்தபடி, "அடுத்த முறை வாறியளோ அண்ணை? சம்பந்தி ஓட்டத்தில என்னை முந்திப்போட்டார். நீங்கள் எண்டால் பயமில்லை" என்று சிரித்தார்.

"அவரையே கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

"சரி அண்ணை" என்று சப்பாத்தைப் போட்டார். லேஸ் இரண்டையும் அவர் கட்டி முடிக்கும் வரை, இன்னொரு தரம் கேட்பாரென்று கதவைப் பிடித்தபடி நின்றேன்.