அடுத்து வருகிறவளுக்கு ஒரு ஜாடி உப்பு

கர்த்தர் துணை
சாஸ்தமங்கலம், திருவனந்தபுரம்

அன்பு மகள் அனுஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. நீயும் மருமகன் ஜெபசிங்கும் உன் வயிற்றில் கிடக்கிற பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சுகமாய் இருக்க வேண்டுமென்று தினமும் முழங்காலில் நின்று கேட்கிறேன். போனில் பேசினால் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது, நீயும் அழுகிறாய், இந்த நேரத்தில் நீ அழக்கூடாது மக்களே, அதனால்தான் எழுதுகிறேன். பிழையைப் பார்த்துச் சிரிக்காதே, ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கொச்சம்மாவைக் கவனித்துக்கொண்ட ஹோம் நர்ஸ் ஷிஜா இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பித் தருவாள்.

இத்தனை வருஷம் எனக்கு எஜமானியாய் இருந்த கொச்சம்மாவைத் தைக்காட்டு மயானத்தில் எரித்த அன்று நல்ல மழை. பெரிய பெரிய காரில் ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் எல்லாரும் முன்னமே போய்ச்சேர்ந்த அவர் புருஷன் சார் பேச்சையே பேசினார்கள், அனந்தபத்மநாபன் சார் இந்த நாட்டில் தூதராய் இருந்தார் அந்த நாட்டில் இருந்தார் என்று. பேப்பரிலும் சார் பெயர்தான் முதலில், கொச்சம்மாவின் லீலாபாய் என்கிற பெயர் அதற்கு அடியில். அத்தனை நாட்டிலும் பெட்டி கட்டினது யார், பெட்டி அவிழ்த்தது யார், வந்தவனுக்கெல்லாம் சோறு போட்டது யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. எல்லாரும் போன பிறகு கொச்சம்மா மகன் மஹேஷ் அடுக்களைக்கு வந்து பாலில்லாமல் கட்டன் சாயா கேட்டார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, தாசம்மாக்கா, அம்மையை எனக்கு லீவுக்குத்தான் தெரியும், உங்களுக்குத்தான் முழுசாத் தெரியும் என்றார். அவர் சின்னதிலேயே ஹாஸ்டலில் வளர்ந்த பிள்ளை அல்லவா. அப்போது நான் கொச்சம்மா என்னிடம் சொன்ன ஒரு காரியத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஹாஸ்டலில் காய்ச்சலாய்க் கிடக்கிறார் என்று தந்தி வந்தபோது இவர்கள் ஹங்கேரியில், வீட்டில் ஏதோ மந்திரிக்கு விருந்து. கொச்சம்மா தந்தியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு கடைசி ஆள் போகும்வரை சிரித்துக்கொண்டே பரிமாறினாராம். அன்னைக்கு ஒட்டின சிரிப்பு, தாசம்மா, இன்னும் முழுசா உரியல்ல என்று என்னிடம் சொல்லியிருந்தார். மஹேஷுக்கு அது தெரியாது. ஆறிப்போன சாயாவை ஒரே மடக்காய்க் குடித்துவிட்டு, கிளாசைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

நீ கொச்சம்மா மேல் வைத்திருக்கும் வருத்தத்துக்கு வருகிறேன். உனக்கு உன் மகள் பெரிசா கொச்சம்மா பெரிசா என்று போன மாதம் கேட்டாயே, பிரசவத்துக்கு அம்மாவை அனுப்பாமல் அவர் பிடித்து வைத்திருக்கிறார் என்றாயே, அது அப்படி இல்லை. நீ கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் போ டீ போ டீ என்று என்னை விரட்டினது அவர்தான். பிள்ளை கூப்பிடும்போது நான் போகல்ல, நீயும் அப்படிச் செய்யாதே என்றார். ஏரோப்பிளேனுக்கும் தெரியாத பாஷைக்கும் பயந்து, கொச்சம்மாவுக்கு யார் இருக்கா என்று சாக்குச் சொன்னது நான்தான். என்னைத் திட்டு, போனவர் மேல் கோபம் வைக்காதே. அவர் கொடுத்த அந்தக் கறுப்புக் கோட்டு பாச்சை உருண்டை நாறுகிறது என்று போடாமல் வைத்திருக்கிறாய், அதைப் போட்டுக்கொள், அது ஹங்கேரிப் பனியையே பார்த்த கோட்டு.

என் பயத்துக்கு அவர் ஒரு வழி சொல்லியிருந்தார். நம் ஊரில் புது வீட்டுக்கு முதலில் உப்புக் கொண்டுபோவோம் இல்லையா, அதை அவர் எல்லா நாட்டிலும் செய்தார். போய் இறங்கின அன்றே, பெட்டியைத் திறக்கும் முன்னால், டிரைவரையும் கூட்டாமல் நடந்துபோய் ஒரு கடையில் தன் கையால் உப்பு வாங்குவார். ஒரு ஊரில் பாஷை தெரியாமல் கையால் தூவுவதுபோல் காட்டி, வாயில் வைத்து முகத்தைச் சுளித்ததற்குக் கடைக்காரன் வயிற்றுவலி மருந்தை எடுத்து நீட்டினானாம், அதைச் சொல்லி அவர் சிரிப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். உப்பு வாங்கிட்டா போதும் தாசம்மா, பின்னே அந்த ஊரு நம்மள ஒண்ணும் செய்யாது என்பார். மாற்றலாகிப் புறப்படும்போது ஜாடி நிறைய உப்பை அடுக்களை ஜன்னலோரம் வைத்துவிட்டுத்தான் படி இறங்குவார், அடுத்து வருகிற ஆபீசர் பெண்டாட்டி யாரென்றே தெரியாது, ஆனாலும் வந்து இறங்குற பொண்ணு உப்பில்லாம கஞ்சி குடிக்கப்படாது என்று.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சுவரைப் பிடித்துப் பிடித்து அடுக்களைக்கு வந்து ஜாடியில் உப்பை நிறைத்து ஜன்னலோரம் வைத்தார். எதற்கென்று புரியாமல் நான் அதைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன். மறுநாளும் ஜாடி நிறைந்திருந்தது. கொச்சம்மாவுக்கு மறதி வந்தாச்சு என்று கேலி செய்தேன். ஒனக்குத்தாண்டி மறதி என்று சொல்லிப் போய்ப் படுத்துவிட்டார். தைக்காட்டிலிருந்து திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனபோதுதான் மக்களே அந்த ஜாடியைப் பார்த்தேன். மாற்றல் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 

இந்த வீட்டுக்கு வாடகைக்கு ஒரு குடும்பம் வருகிறது, சின்னப் பிள்ளைகள் உண்டாம். எப்போதும்போல் பின்பக்க ரூமில் இருங்கள் அக்கா என்று மஹேஷ் நல்ல மனசோடு சொன்னார். நானும் சரி என்றுதான் நினைத்தேன். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, இல்லை, என் மகளிடம் போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டேன். மருமகனிடம் சொல்லி டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய். பயம் போகவில்லை, பயத்தோடேயே வருகிறேன். கருப்பட்டியும் பிரசவ மருந்தும் கொண்டுவர விடுவார்களா என்று கேட்டு எழுது, சாலை பஜார் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். படியேறும்போது கம்பியைப் பிடித்துக்கொள், வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே, பசிக்கவில்லை என்றாலும் ஒரு வாய் சாப்பிடு.

ஜன்னலோரத்து ஜாடியை நான் தொடவில்லை, வருகிற பெண்ணுக்கு அது அங்கேயே இருக்கட்டும். உன்னையும் மருமகனையும் வரப்போகிற பிள்ளையையும் கர்த்தர் தம் சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் வருகிறேன் என்று வீட்டில் புதிதாய் உப்பு வாங்கி வைத்துவிடாதே. வந்து இறங்கின அன்றைக்கே நான் கடைக்குப் போவேன். நீ கூட வரவேண்டாம், வாசலில் நின்று வழியை மட்டும் காட்டு.

உன் அம்மா
தாசம்மாள்