ஹெல்மெட் போடாமல் நிலவறைக்குள்ள இறங்காதேங்கோ

இஞ்சருங்கோ, நான் முதியோர் இல்ல வேலைக்குப் போறன். புட்டு மூடி வைச்சிருக்கு, மீன்குழம்பு அடுப்பில.

பாதர் யென்ஸ் பத்து மணிக்குப் பிரெடெரிசியாவில இருந்து திரும்பி வாறாராம். நேற்று எங்கட தோட்டத்து வைனை ஆசீர்வதிக்கேக்க ஒரு போத்தில் வெடிச்சதில செபம் பாதியில நிண்டிட்டுதாம். மிச்சத்தையும் சொல்லி முடிக்கவேணுமாம். சைக்கிள் ஹெல்மெட்டோட வாறார். நீங்கள் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டைப் போடுங்கோ.

"போத்திலுக்குள்ள நுரைக்க விட்டால் ஒண்டிரண்டு வெடிக்கும்தானே, அதுக்கேன் முகத்தை நீட்டுறாய்?" எண்டு கேட்டனீங்கள். வெடிச்சதுக்கு நான் கோவிக்கேல்லை, டொமினிக். வெடிச்ச உடன நீங்கள் பாய்ஞ்சு கட்டிப்பிடிச்சது மற்றப் போத்திலுகளை. என்னைக் கட்டிப்பிடிச்சது பாதர்.

வைன் மண்டி போத்தில் கழுத்துக்கு இறங்கவேணுமெண்டு நீங்கள் தினமும் திருப்புற நானூறு போத்திலையும் இண்டைக்கு விடிய நானே கால் சுத்துத் திருப்பிப்போட்டன். கண்ணாடி வெட்டின கையோட நீங்கள் தொடவேண்டாம். மருந்துக் கட்டையும் நனைக்காதேங்கோ.

செலின்

பி.கு: பாதருக்குக் குழம்பு உறைக்கும், தயிர் குடுங்கோ.

இன்னொண்டு: பாதர் என்னட்டை மூண்டுதரம் மன்னிப்புக் கேட்டிட்டார். நீங்கள் ஒருதரம் கேட்டாலே காணும்.