உன் அம்மாவுக்கு நான் வாசித்த கடிதங்கள்

ஏலே லெப்டினன்ட்,

நேற்று திண்டுக்கல் தபாலாபீசில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாள், துணியில் தைத்த பார்சலுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியதும் வரிசையை விட்டு விலகி வந்துவிட்டேன். தபால்தலை வாங்க மறந்துவிட்டதாக வீட்டில் சொன்னேன். என் மறதியைப் பற்றி வீட்டில் எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

ஆபீசர் தேர்வுக்கு நாம் இருவரும்தான் போனோம். ஓடச் சொன்னார்கள். நான் பாதியில் உட்கார்ந்து, "செத்த நேரம் பொறுங்க, வாரேன்" என்றேன். அந்த வடநாட்டு அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்னைப் புரிந்துகொண்டார். நீ தேறினாய். தோளில் ஒற்றை நட்சத்திரத்தோடு நீ லீவில் வந்தபோது ரெட்டியார்சத்திரம் கடைவீதியே உன்னை ஜெனரல் என்றது. உனக்குப் பெண் கொடுக்க மூன்று வீட்டார் நடையாய் நடந்தார்கள். டீக்கடையில் அதை ஆறாக்கியது நான்தான்.

உன் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எனக்கு வரும் உன் கடிதங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவேன். அவற்றைக் கடிதம் என்பதே அதிகம். 'நலம். இங்கு மழை. நலம் அறிய ஆவல்.' நிலக்கடலை உடைத்தபடி காத்திருக்கும் ஆத்தாவிடம் இதை எப்படி வாசிப்பது? நானாக நாலு வரி சேர்ப்பேன். 'அம்மா, உன் கை முறுக்கை நினைச்சா நாக்கு ஊறுது' என்று ஒருமுறை வாசித்தேன். மறுவாரமே முறுக்கு, துணியில் தைத்து அரக்கு வைத்த பார்சலாகிப் போனது. நீ எனக்கு எழுதினாய்: 'ஏலே, நான் எப்ப முறுக்கு கேட்டேன்? சரி, இன்னொரு தடவை கேட்டு வாசி. எங்க ஆளுகளுக்குப் பிடிச்சுப்போச்சு.'

அப்புறம் உன்னை மலைக்கு அனுப்பினார்கள். 'குளிர் தாங்கலைலே. போத்திக்கக் கம்பளி பத்தலை. இதை அம்மாகிட்ட வாசிக்காதே' என்று எழுதினாய். நான் வாசிக்கவில்லை. அந்த இடத்தில் இன்னொரு முறுக்கைப் போட்டேன்.

சீனச் சண்டையில் நீ போய்விட்டாய் என்று தந்தி வந்தது. உன் ஆட்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டு, கடைசிவரை மேலே நின்று சுட்டுக்கொண்டிருந்தாயாம். உன் மேலதிகாரி பிறகு எழுதினார். உனக்கு இருபத்திரண்டு வயது.

தந்தி வந்து பதினோரு நாள் கழித்து உன் கடிதம் ஒன்று வந்தது. போகிற வழியெல்லாம் அதில் சேர்க்கப் பத்து வரி தயார் செய்துகொண்டேன். பிரித்து வாயைத் திறந்தேன்.

"அப்பு," என்றார் உன் அம்மா. "இம்புட்டு நாளா நீ வாசிச்சதைக் கேட்டேன். எம் மகன் அம்புட்டுப் பேசுறவன் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நீ சொன்னது கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு அவன் எழுதினதை மட்டும் வாசி."

வாசித்தேன். 'கால் விரல் மரத்துப்போச்சு. காய்ச்சல்ல கிடக்குறவனுக்கு என் கம்பளியைக் கொடுத்துட்டேன். அம்மா அனுப்பின முறுக்கை ஆளுக்கு ஒண்ணாப் பங்கு வச்சோம்.'

"முன்னாடியும் குளிருதுன்னு எழுதியிருந்தானா?"

"எழுதியிருந்தான் ஆத்தா."

அவர் திட்டவில்லை. மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். "சொல்லியிருந்தா கம்பளி வாங்கி அனுப்பியிருப்பேனேப்பா," என்றார்.

அவரும் போய்ப் பல வருஷமாகிவிட்டது. எந்த ஊர்க்கதையும் என் வயிற்றில் தங்காது என்று எனக்குப் பெயர். ஆனால் அன்று உன் கடிதத்தின் கடைசி வரியை வாசிக்காமலே மடித்தேன். 'இதையும் அம்மாகிட்ட வாசிக்காதே.' மகனே தன்னிடம் மறைத்தான் என்று அவர் நினைக்க வேண்டாம், மறைத்தவன் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது. அந்த ஒரு வரியை இதுவரை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.