றோட்டுக்கு அங்காலைப் பள்ளிக்கூடம்

1996 செப்ரெம்பர் 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. பல்கனியில் நின்றால் றோட்டுக்கு அங்காலை அதன் வாசல் தெரியும். என் மகள் துவாரகா தன்னந்தனியே நடந்து போனாள். போன வருடம் இந்தக் கட்டடத்திலிருந்து ஒரு படையே போனது. இன்று அந்தப் பிள்ளைகள் எல்லாம் கீழே நின்று என் மனுசன் ஓட்டும் வான் வண்டியில் ஏறின. ஸ்காபரோவின் மற்ற மூலையில் இருக்கும் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக்கு! நெற்றியில் திருநீறு, கழுத்தில் யூனிபோம் ரை.

தன் மகளை முதன்முதலில் அங்கே மாற்றியவள் பக்கத்து வீட்டுக் கமலாம்பிகை. “யூனிபோம், ஒழுக்கம் எல்லாம் அங்கைதான் அக்கா. உங்கை எங்கடை தமிழ்ப் பெடியள் கூடிப்போச்சுதுகள்.”

எங்கடை பெடியளாம். அப்ப உன்ரை வயிற்றிலை பிறந்தது ஆற்றை பிள்ளையடி? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

இவரோடு சண்டை.

“பக்ரறி மூடினாப்பிறகு எனக்கு வேறை என்னப்பா வேலை? நான் ஏத்தாட்டி இன்னொருத்தன் ஏத்துவான். ஊரோடினால் ஒத்தோடு.”

“ஒருவன் ஓடினால் கேட்டோடு எண்டும் சொல்லுவினம். ஆரும் கேட்டவையோ?”

கமலம் ஓடினாள், பின்னால் கட்டடமே ஓடியது. ஒருத்தராவது பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பார்த்திருப்பார்களா? பெடியளுக்குள் நடந்தது ஒரேயொரு அடிபிடி. அதுவும் பள்ளிக்கூடத்தில் இல்லை, டோனற் கடை வாசலில்.

நவம்பர் 21

பெற்றோர் சந்திப்பு. மண்டபம் நிறையக் காலிக் கதிரைகள். பௌதிக ஆசிரியர் அலெக்ஸாண்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இவள் என்ஜினியரிங்தான் படிக்க வேண்டும் என்றார். துவாரகா வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. கமலம் அங்கே இருந்து கேட்டிருக்க வேண்டும்!

1997 மே 6, செவ்வாய்

அடுத்த வருடம், யூனிவேர்சிற்றிக்கு முந்தின அந்தக் கடைசி வருடம், பௌதிக வகுப்பு இல்லையாம். வகுப்பு நடத்த அஞ்சாறு பிள்ளைகள் காணாதாம். அலெக்ஸாண்டரையும் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுகிறார்களாம். பௌதிகம் இல்லாமல் என்ஜினியரிங்குக்கு எப்படி விண்ணப்பிப்பது?

பள்ளிக்கூடம் சரியில்லை எண்டு ஓடினதுகள். நல்லாத்தானே இருந்தது! நீங்கள் ஓடினபடியால்தானே இப்ப சரியில்லாமல் போச்சு. சட்டியிலை இருந்தால்தானே அகப்பையிலை வரும்?

மே 7

லிஃப்ற்றில் கமலம். “நான் அப்பவே சொன்னனான் அக்கா.” பாவி.

மே 10

சாப்பிடும்போது துவாரகா தகப்பனிடம் சொன்னாள்:

“அப்பா, எல்லாரையும் நீங்கள்தானே கொண்டுபோனீங்கள். இனி என்னையும் கொண்டுபோங்கோ.”

இவர் பாதிச் சோற்றோடு எழும்பிப் போய்விட்டார். நான் பிடிவாதம் பிடிக்காமல் முதலிலேயே அனுப்பியிருக்கலாமோ? இல்லை. பிழை என்னுடையதில்லை. பின்னே ஆருடையது?

செப்ரெம்பர் 2

புது யூனிபோமோடு துவாரகா வானின் முன் சீற்றில் ஏறினாள். நானே கதவைச் சாத்தினேன். வான் அவளுடைய பழைய வாசலைக் கடந்துதான் போனது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

1998 பெப்ரவரி 17

றோட்டுக்கு அங்காலை ஆங்கில நாடக வகுப்பையும் நிறுத்திவிட்டார்களாம். எனக்கென்ன.

செப்ரெம்பர் 6, ஞாயிறு

நேற்றுத் துவாரகாவை யூனிவேர்சிற்றி விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். என்ஜினியரிங் கிடைத்துவிட்டது. கமலம் கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள். வாங்கித் தின்றேன், வேறென்ன செய்ய?

பின்னேரம் ஏழாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பிரதீபா கதவைத் தட்டினாள். கொழும்பிலிருந்து வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அவளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு.

“அக்கா, முன்னாலை இருக்கிற பள்ளிக்கூடம் எப்பிடி? நடந்து போய் வரலாம் எண்டு இவளுக்கு ஆசை.”

நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

“உது வேண்டாம் பிள்ளை,” என்றேன். “மற்றப் பள்ளிக்கூடத்துக்கு எங்கடை இவர் வான் ஓடுறவர், அதிலை ஒரு சீற் இருக்கு.”