மாவுத் தொட்டிக்குக் கீழே இருந்த புத்தகம்

என் அருமை மகள் மெலித்தினேவுக்கு உன் அப்பா ஆர்த்தெமோன் எழுதுவது. ஆண்டவர் அருளால் நான் நலம். நிக்கோமேதியாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள், ஒரு வரி ஏறுகிறது, ஒரு வரி இறங்குகிறது, மை கொட்டிய இடத்தைத் தாண்டிப் படி. இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல லியோந்தியோஸ் எழுதியது. இது நானே எழுதுவது. காலையில் ஆரம்பித்தேன், அடுப்பில் வைத்த ரொட்டி வெந்து இறங்கி விற்றும் போய்விட்டது, நான் இந்த வரிக்குத்தான் வந்திருக்கிறேன், ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு நிகாரெட்டே, நகர மன்ற எழுத்தரின் விதவை, அவள்தான் பலகையில் மாவைப் பரப்பி விரலால் எழுதக் கற்றுக்கொடுத்தாள். மாமா, எழுத்தைப் பிசையாதீங்க, எழுதுங்க என்று கேலி செய்வாள்.

படிக்க வந்ததும் எதைப் படிக்கத் துடித்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். நீ சிறு பெண்ணாக இருந்தபோது, கிறிஸ்தவர்கள் தங்கள் புத்தகங்களை எரிக்கக் கொடுத்துவிட வேண்டும் என்று பழைய பேரரசரின் ஆணை வந்ததல்லவா. அப்போது சபையில் வேதம் வாசிப்பவனாக இருந்த லியோந்தியோஸ், ஆட்டுத்தோலில் வைத்துத் தைத்த ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, அண்ணே, நற்செய்திப் புத்தகம் இதுக்குள்ளதான் இருக்கு, அதிகாரிங்ககிட்ட ஒரு கோவேறு கழுதை வைத்தியப் புத்தகத்தைக் கொடுத்து ஏமாத்திட்டேன் என்றான். அதைச் சந்தையில் எரித்தபோது நாமெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எரியுது பாரு கழுதை வேதம் என்று உன் அம்மா என் காதில் சொன்னாள். பிறகு எவனோ சந்தேகத்தைக் கிளப்பிவிட, என்னைப் பிடித்துக்கொண்டுபோய் உள்ளங்காலில் அடித்தார்கள். அன்றிலிருந்துதான் இந்த நொண்டல். நான் வாயைத் திறக்கவில்லை, பொட்டலம் மாவுத் தொட்டிக்குக் கீழேயே கிடந்தது. உன் அம்மா சாகும்போது அதை நெஞ்சின்மேல் வைக்கச் சொன்னாள், வைத்தேன். துன்புறுத்தல் நின்று அமைதி வந்த பிறகும் லியோந்தியோஸ் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. உங்க வீட்டைவிடப் பத்திரமான இடம் ஏது அண்ணே என்பான், எனக்குப் பெருமையாக இருக்கும்.

போன மாதம் தையலைப் பிரித்தேன். ஆண்டவர் பிறந்த கதை முதலில் வரும் என்று எழுத்துக் கூட்டினேன். கோவேறு கழுதைக்குக் குளம்பு வெடித்தால் என்று இருந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று மறுபடி கூட்டினேன், மறுபடியும் குளம்புதான். நிகாரெட்டேயைக் கூப்பிட்டேன். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, மாமா, கடைசி வரைக்கும் கழுதைதான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

லியோந்தியோஸ் இப்போது ஆயர், தெரியுமல்லவா. நேரே போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. ஆமா அண்ணே, பயத்துல அதிகாரிங்ககிட்ட அசலைத்தான் கொடுத்தேன், ஆனா புத்தகம் யார்கிட்டயோ பத்திரமா இருக்குன்னு சபை நம்பணுமே, படிக்கத் தெரியாத நல்ல மனுசனாப் பார்த்தேன் என்றான். நான் அடி வாங்கினப்பவாவது சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்லியிருந்தா நீங்க வாயைத் திறந்திருப்பீங்களே என்றான். மகளே, காலில் வாங்கிய அடியைவிட அது வலித்தது. இப்பக் கிளறாதீங்க, புதுப் பேரரசரே நம்ம பக்கம் வந்துட்டாருன்னு ஊரே வந்து சேருது, பாதிப் பேருக்கு ஜெபமே தெரியாது, அவங்களுக்குக் கண்ணால பார்க்க ஒரு பொருள் வேணும் என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

புதுக் கோயில் திறப்பு போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. புத்தகத்தைப் பீடத்துக்கு நான்தான் சுமந்து போக வேண்டும் என்று சொல்லியிருந்தான். போனேன், மறைக்க என்ன இருக்கிறது, எல்லோர் முன்னாலும் உண்மையை உடைத்துவிடத்தான் போனேன். பீடத்தருகே நின்று, இது நற்செய்தி இல்லை, கழுதை வைத்தியம், அசலை இவர் கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். லியோந்தியோஸ் என் தோளில் கைபோட்டு, அண்ணன் இப்பத்தான் எழுத்துக் கூட்டுறாரு, நமக்காக அடி வாங்கின உடம்பு, கோவிச்சுக்காதீங்க என்றான். சனங்கள் கண்கலங்கி என் கையை முத்தமிட வந்துவிட்டார்கள். தோல் பதனிடும் தெரோன், பெரியவரே, கழுதை புத்தகத்துல இல்ல, உங்க கண்ணுல இருக்கு என்றான், பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நிகாரெட்டேயைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். விதவைகளுக்குச் சபை தரும் தானியம் லியோந்தியோஸ் கையால்தான் வருகிறது. அவளை நான் கோபிக்க முடியவில்லை, ஆனால் மாவுப் பலகையை இன்னும் எடுக்க மனம் வரவில்லை. புத்தகம் இப்போது வெள்ளிப் பெட்டியில் பீடக் கல்லுக்கடியில் இருக்கிறது, அந்தக் கல்லை வரிசையில் நின்று முத்தமிடுகிறார்கள். நான் ஆண்டவரை விடவில்லை. கடைசி வரிசையில், கதவோரம் நிற்கிறேன்.

மாப்பிள்ளையின் கோவேறு கழுதை நொண்டுகிறது என்று சொல்லியனுப்பியிருந்தாய். வெடித்த குளம்பைப் புளித்த திராட்சைக் காடியால் கழுவி ஈரம் போகத் துடைத்து, பைன் மரப் பிசினும் ஆட்டுக் கொழுப்பும் உருக்கி, கை பொறுக்கும் சூட்டில் பூசித் துணி சுற்றச் சொல். எதிர்வீட்டுக் கழுதைக்குப் பூசிப் பார்த்தேன், சந்தைக்குச் சுமை கொண்டுபோகிறது. உன் அம்மா நெஞ்சில் வைத்திருந்த வைத்தியம், தயங்காமல் செய்யுங்கள். இருமலுக்கும் ஒன்று படித்தேன், மறப்பதற்குள் அடுத்த வாரம் எழுதுகிறேன். லியோந்தியோஸ் கையெழுத்தில் என் பேரால் ஏதாவது வந்தால் நம்பாதே. பிள்ளைகள் நெற்றியில் எனக்காகச் சிலுவை போடு. ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

உன் அப்பா,
ரொட்டிக்காரன் ஆர்த்தெமோன், என் கையாலேயே.