போத்தலுக்குள் புலிக்குட்டி

வெள்ளி, ஜூன் 14

பேராதனை ஆய்வுகூடத்தில் முட்டையிலிருந்து வெளிவந்த புலிமுகச் சிலந்திக் குஞ்சொன்றை இன்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜாம் போத்தலுக்குள் ஈரத் தும்புத்தூள், மரப்பட்டைத் துண்டு, மூடியில் ஊசித்துளைகள்.

கண்டிச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் “என்ன இது?” என்றான். அதன் சிங்களப் பெயர் வாயில் வரவில்லை. தமிழை அரைகுறையாய் மாற்றி, “கொட்டி பெட்டியா” என்றேன். புலிக்குட்டி! விசரன் நான். துவக்கு நெஞ்சுக்கு நேரே வந்தது.

போத்தலைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். “பாவம் மாத்தயா, மூச்சு முட்டும்” என்று துவக்குக் கத்தியால் துளைகளைப் பெருப்பித்தும் தந்தான்.

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் பார்த்தால், போத்தலுக்குள் ஒன்றுமில்லை.

மனைவி கட்டிலைவிட்டு இறங்குகிறாளில்லை. “வீட்டிலை புலி ஒளிச்சிருக்கோ எண்டு ஆமி வந்து கேட்டால் என்னப்பா சொல்லுறது?”

இவ்வளவு காலமும் இல்லையென்று சொன்னது உண்மையாகத்தான் இருந்தது.