ஹப் கருகிய விஜயதசமி

இன்று காலை கடையில் பிளாஸ்டிக் கருகும் வாடை. பழைய சார்ஜர் ஒன்று, சட்டென்று பிடுங்கிவிட்டேன். நீ செத்துப்போய் எட்டு மாதமாகியும், பதறிப்போய் உன்னைத்தான் கூப்பிட்டேன்.

மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தோழிகள் நாம் இருவரும் பிரௌசிங் சென்டர் திறந்த புதிது. ஆறு கணினிகள், எல்லா இணைய ஒயரும் வந்து சேர ஹப் என்று ஒரே ஒரு பெட்டி. எந்தச் சாமான் வாங்கினாலும் நீ முதலில் அந்தத் தடித்த அகராதியைத்தான் திறப்பாய். "பேருக்கு இன்னா அர்த்தம்னு தெரியாம கை வெக்கக் கூடாதுமே," என்பாய். ஹப் என்றால் வண்டிச் சக்கரத்தின் நடுக்குடம், ஆரக்கால்கள் வந்து சேருமிடம். அடுப்போரத் திண்டைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்திருக்கலாமாம். அகராதிக்காரருக்கே உறுதியில்லை என்று படித்துச் சிரித்தாய். பிறகு, பல வழிகள் கூடும் ஊருக்கும் அதே பெயர் வந்ததாம். "அப்போ நம்ம செங்கல்பட்டு ஜங்ஷனும் ஹப்புதான்!" நான் கொட்டாவி விட்டேன். வேலை கிடக்க இவளுக்கு ஆராய்ச்சி என்று எரிச்சல்.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பொட்டு வைத்தது நான். பொரி தின்ன மட்டும் வந்து நின்றவள் நீ. மறுநாள் திரும்ப மாட்டும்போது, ஸ்பீக்கரின் அடாப்டரை ஹப்பில் சொருகிவிட்டேன். முனை பொருந்தியதால் சரியென்று நினைத்தேன்; அதன் வோல்டேஜ் அதிகம் என்று பார்க்கவில்லை. பிற்பகலில் ஹப் கருகி, ஆறு கணினியிலும் இணையம் போய்விட்டது.

திருவிடந்தையிலிருந்து வந்திருந்த பெண் வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் பாதியில் இருந்தாள். "இன்னியோட லாஸ்ட்டுக்கா, அஞ்சு மணிக்கு மூடிருவாங்க," என்று அழுதாள். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன்.

நீ என்னைத் திட்டவில்லை. "அழுதுகினு நிக்காத, நவுரு. குடம்தான் ஒடஞ்சிது, ரோடு அப்டியே கீது," என்றாய். மோடத்திலிருந்து வந்த ஒயரை ஹப்பிலிருந்து உருவி, நேராக ஒரே ஒரு கணினியில் மாட்டினாய். அவளை உட்கார வைத்தாய். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. உன் அகராதியைக் கிண்டல் செய்ததற்காக அன்று வெட்கப்பட்டேன். உன்னிடம் சொல்லத்தான் இல்லை.

வீட்டுக்கு வீடு நெட் வந்துவிட்டது, கடையை மூடு என்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளை கடைசி நாளில் எங்கே போவாள்? மூடமாட்டேன்.

நேற்றும் ஏதோ ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, "மூடிட்டீங்களாக்கா?" என்றாள்.

"இல்லமே, உள்ள வா," என்று மேலே தூக்கினேன்.